நூல் தெரியுதா பாருங்க

"சார், டயர் எத்தனை கிலோமீட்டர் வரும்?"

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். 2020-க்குப் பிறகு புனேயில் நம்மவர்கள் நிறைய பேர் ரோடு பைக் வாங்கிவிட்டார்கள். (ஊரில் போய் ரோடு பைக் என்று சொன்னால் "புல்லட்டா?" என்பார்கள். இது ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடியும் விரல் கனத்துக்கு டயரும் உள்ள மிதிவண்டி.) வங்கிக்காரன் என்பதால் என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வட்டி விகிதம் கேட்பது போலக் கேட்கிறார்கள்.

நம்பர் சொல்லலாம். சாதாரணமாக 3,000 கிலோமீட்டரிலிருந்து 5,000 வரை என்று சொல்வார்கள். ஆனால் அந்த நம்பரை வைத்துக்கொண்டு டயரை மாற்றுவது, நேர்கோட்டுத் தேய்மான முறையில் லாரிக்குக் கணக்கு எழுதுகிற மாதிரி. புத்தகத்தில் சரியாக இருக்கும், லாரி வழியில் நின்றிருக்கும். 80 கிலோ ஆளும் 55 கிலோ ஆளும் ஒரே டயரை ஒரே மாதிரி தேய்ப்பதில்லை. பாணேரில் புதுத்தார் ரோட்டில் ஓட்டுபவரும், கட்டட வேலை நடக்கும் ஹிஞ்சவடிப் பக்கம் ஜல்லியில் ஓட்டுபவரும் ஒன்றா? டயரைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும். வேறு வழியில்லை.

இங்கே ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன். கும்பகோணத்தில் அப்பாவிடம் ஒரு ஹெர்குலிஸ் இருந்தது. அதன் டயரை அவர் "மாற்றி" நான் பார்த்ததே இல்லை. வெடித்த இடத்தில் கடைக்காரர் பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைப்பார். கேட்டீஸ் வைப்பது என்று பெயர். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு தூக்கு தூக்கும். அப்பா அந்தத் தூக்கலோடேயே ஆபீஸ் போய் வந்தார். காற்று இறங்கினால் வால்டியூப் மாற்றுவார், நாலணாவோ எட்டணாவோ. "நூல் முழுக்க வெளிய வந்தப்புறம் பாத்துக்கலாம்டா" என்பதுதான் வீட்டுச் சட்டம். நம்மில் பலருக்கும் இதுதான் ரத்தத்தில் இருக்கிறது. பற்பசை ட்யூபை நறுக்கிப் பிதுக்குகிற வம்சம் ஆயிற்றே!

அப்பா செய்தது தப்பில்லை. அந்த டயர் தடிமன், அதற்குள் இருந்த காற்றழுத்தம் குறைவு, அப்பாவின் வேகமும் குறைவு. கேட்டீஸ் வழுக்கினால் கூட "புஸ்" என்று உட்காரும், இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். நாம் இன்று ஓட்டுவது வேறு சாமான். 25 மில்லிமீட்டர் அகலம், உள்ளே 80, 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் (கார் டயரில் 32, 33தான் என்பதை நினைவில் வையுங்கள்). காத்ரஜ் மலைப்பாதையில் இறங்கும்போது ஒன்றும் செய்யாமலே 45 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அப்பாவின் சட்டத்தை இதற்குக் கொண்டுவந்தால் ஆகாது. (ஊரிலிருந்து பழைய டயரைக் கொண்டுவந்து போடவும் முடியாது. அந்த 28 இன்ச் டயரின் உட்கார்விட விட்டம் 635 மில்லிமீட்டர், ரோடு பைக்கின் 700சி டயருக்கு 622. ஒரு மச்சான் முயன்று பார்த்தார்.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டயர் என்பது ரப்பர் இல்லை. டயர் என்பது துணி. நைலான் நூலைப் பாய் மாதிரி அடுக்கி, இரண்டு ஓரத்திலும் கம்பியோ அராமிட் நாரோ வைத்து மடித்து, ரப்பரில் தோய்த்த துணி. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். மேலே ரோட்டில் படும் ரப்பர், துணிக்குப் போட்ட செருப்பு. செருப்பு தேய்ந்தால் கால் தெரியும். கால் கிழிந்தால் நடக்கவே முடியாது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

செருப்பு தேய்வதைக் கண்டுபிடிப்பது எளிது. பின் டயரைப் பின்னால் உட்கார்ந்து கண் மட்டத்தில் பாருங்கள். புதுசில் மேல்பக்கம் உருண்டையாக இருக்கும். போகப் போக நடுவில் தட்டையாகி, இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு விழும், சதுரமாகிற மாதிரி. அந்தத் தட்டைப் பட்டை அகலமாகிக்கொண்டே போகும். கான்டினென்டல் மாதிரி சில கம்பெனிகள் டயரின் நடுவில் குண்டூசித் தலை அளவில் இரண்டு குழி வைத்திருப்பார்கள். குழி மறைந்தால் மாற்று என்று அர்த்தம். அது இல்லாத டயரில் விரலால் தடவிப் பார்க்க வேண்டியதுதான். ரப்பருக்கு அடியில் வேறு நிறம், நெசவு மாதிரி வரி, எங்கேயாவது தெரிந்தால் முடிந்தது கதை. கோடு போட்ட வடிவம் மழுங்கிவிட்டதே என்று மட்டும் கவலைப்படாதீர்கள். கார் டயரில் அந்தப் பள்ளம் மழைத்தண்ணீரை வெளியேற்ற. சைக்கிள் டயர் ஒல்லி, அழுத்தம் அதிகம், வேகம் குறைவு, தண்ணீரில் மிதக்காது. மொழுமொழு டயர் தார் ரோட்டில் நன்றாகவே பிடிக்கும். அமெரிக்காவில் ஷெல்டன் பிரவுன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார், 2008-ல் காலமானார். இந்த விஷயத்தை அவர் எழுதி எழுதியே பலருக்குப் புரியவைத்தார்.

ஆனால் எல்லோரும் பார்ப்பது இந்த மேல்பக்கத்தை மட்டும்தான். 2019 அக்டோபரில் அதன் விலையை நான் கண்ணால் பார்த்தேன்.

கிளை அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த நண்பர், மராட்டியர், என்னைவிட ஐந்து வயது சின்னவர். ஞாயிறு காலை பழைய காத்ரஜ் சுரங்கம் வரை ஏறிவிட்டு இறங்குவது எங்கள் வழக்கம். அன்று அவர் முன்னால், நான் ஒரு முப்பது மீட்டர் பின்னால். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிறார். பட்டாசு வெடித்தது மாதிரி ஒரு சத்தம். தீபாவளி சமயம், யாரோ பையன்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நொடி அவருடைய கைப்பிடி இடமும் வலமும் ஆடுகிறது, வெறும் அலுமினிய வளையம் தாரில் உராய்ந்து கத்துகிறது, ஆள் பக்கவாட்டில் சரிந்து இழுபட்டுக்கொண்டு போகிறார். எதிரே லாரி வராதது அவர் அம்மா செய்த புண்ணியம். கழுத்துப்பட்டை எலும்பு இரண்டு துண்டு. பிளேட் வைத்தார்கள். ஆறு வாரம் விடுப்பு. அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "டயர் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரே?"

சைக்கிளை ஒரு டெம்போவில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அன்று இரவு பால்கனியில் உட்கார்ந்து அந்த முன் டயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. மேல்பக்கம் அருமையாக இருந்தது. அந்த இரண்டு குழியும் ஆழமாக அப்படியே இருந்தன. இடது பக்கச் சுவரைத் திருப்பிப் பார்த்தால், வளையத்தை ஒட்டி ஒரு கோடு, சுற்றிலும். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி நூல் பிசிறு. பிரேக் கட்டை ஒரு இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. சும்மா ஓடும்போது எங்கும் படாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வளையத்தோடு சேர்த்து டயரின் பக்கச் சுவரையும் கவ்வும். மலை இறக்கத்தில் முழுக்கப் பிரேக் பிடித்துக்கொண்டுதானே வருவோம்? ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டு அறுத்த மாதிரி அறுத்திருக்கிறது. கட்டையை அப்படி யார் பொருத்தினார்கள், எப்போது நகர்ந்தது என்பதெல்லாம் தெரியாது, தேடிப் பயனும் இல்லை.

என் மெக்கானிக் மறுநாள் வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "டயர் கேலா, சாஹேப்" என்றார். போச்சு என்று அர்த்தம். இரண்டு வார்த்தையில் போஸ்ட்மார்ட்டம்.

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு நான் செய்வது இது. பெரிய வேலை ஒன்றுமில்லை, ஒரு காபி ஆறும் நேரம். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு இரண்டு பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பார்ப்பது. நூல் பிசிறு, கீறல், எங்கேயாவது புடைப்பு. புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்து ட்யூப் அந்த வழியாக முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள், அதில் பேச்சுக்கே இடமில்லை. பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்து, கட்டை எங்கே உட்காருகிறது என்று குனிந்து பார்ப்பது. பிறகு மேல்பக்கம் முழுக்கப் பழைய பனியன் துணியால் தடவுவது. நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயர்களின் இரும்பு நூல் தலைமுடி மாதிரி சிதறிக் கிடக்கும். அது குத்தினால் கண்ணுக்குத் தெரியாது, துணியில் மாட்டும். கண்ணாடிச் சில்லு ரப்பரில் பதிந்திருந்தால் குண்டூசியால் தோண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். மழைக்காலத்தில் இதை வாரம் ஒரு தடவை செய்வது நல்லது. ஈரமான கண்ணாடி ரப்பரை வெண்ணெய் மாதிரி வெட்டும்.

தங்கமணி இதற்கு "மாதாந்திர இன்ஸ்பெக்ஷன்" என்று பெயர் வைத்திருக்கிறாள். கேஸ் ட்யூபை என்றைக்காவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்பது அவள் உபரிக் கேள்வி. (பார்த்தேன். மாற்றினேன். அது தனிக் கதை.)

எங்கள் தொழிலில் ஒரு கடன் 90 நாள் வராவிட்டால்தான் வாராக்கடன். ஆனால் 30 நாளிலேயே ஒரு பட்டியலில் வந்துவிடும், 60-ல் இன்னொன்றில். டயரும் அப்படித்தான் முன்கூட்டிச் சொல்லும். அடிக்கடி பஞ்சர் என்பது முதல் பட்டியல். ஆனால் ஒன்று, எல்லாப் பஞ்சருக்கும் டயரைப் பழி சொல்லக்கூடாது. ட்யூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். வளையத்தைப் பார்த்த உட்பக்கம் என்றால் வளையத்துக்குள் ஒட்டியிருக்கும் நாடாதான் நகர்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்த மாதிரி என்றால் காற்றைக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். வெளிப்பக்கம் வெவ்வேறு இடங்களில் மாதத்துக்கு மூன்று நான்கு என்றால், அது செருப்பு மெலிந்துவிட்டது என்று தெரிவிக்கிற நோட்டீஸ்.

முன் டயர், பின் டயர் கணக்கு கொஞ்சம் விசேஷம். எடையில் பெரும்பகுதி பின்னால்தான், மிதிக்கும் விசையும் பின் சக்கரம் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. அதனால் என் நோட்டுப் புத்தகப்படி பின்னால் இரண்டு டயர் தேய்கிற நேரத்தில் முன்னால் ஒன்றுகூடத் தேய்வதில்லை. உடனே நம்ம சிக்கனப் புத்தி சொல்லும்: முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் சமமாகத் தேயுமே! காரில் செய்கிறோமே! செய்யாதீர்கள். பின்னால் வெடித்தால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன்னால் வெடித்தால் திருப்பும் சக்தியே போய்விடும், நண்பருக்கு நடந்தது அதுதான். தேய்ந்ததை முன்னால் கொண்டுபோகவே கூடாது. பின் டயர் தேய்ந்துவிட்டதா? அதைத் தூக்கிப் போடுங்கள், முன்னால் இருக்கும் அரைப்புது டயரைப் பின்னுக்குக் கொண்டு போங்கள், புது டயரை முன்னால் போடுங்கள். ஒரு டயர் காசுதான் செலவு, நல்ல டயர் எப்போதும் முன்னால்.

வழியில் டயர் கிழிந்தால் வீடு வந்து சேர ஒரு வைத்தியம் உண்டு. கிழிசலுக்கு உள்பக்கம் எதையாவது வைத்து மறைப்பது, அப்பாவின் கேட்டீஸ்தான், தற்காலிகம். அமெரிக்கர்கள் டாலர் நோட்டை மடித்து வைப்பார்களாம், அது பருத்தியும் லினனும் கலந்த தாள், கெட்டி. நம்ம நோட்டும் பருத்தித் தாள்தான். ஆனால் இருபது வருஷம் சிதைந்த நோட்டு மாற்றிக் கொடுத்தவனுக்குப் பத்து ரூபாயை டயருக்குள் வைக்க மனசு வருமா? நான் பழைய டயரின் பக்கச் சுவரில் விரல் நீளம் ஒரு துண்டு நறுக்கி சீட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.

இனி மகள் கதை. இது நடந்து நாலு மாதம்தான் ஆகிறது.

கல்லூரி மூன்றாம் வருஷம். அவளுக்கும் ரோடு பைக் வேண்டும் என்றாள். மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரி தன்னுடையதை விற்றார். எங்கள் உத்தியோகத்தில் இது சகஜம். ஃப்ரிட்ஜ், கட்டில், சைக்கிள் எல்லாம் ஊர் ஊராகக் கை மாறும். வாங்கி அதிகம் ஓட்டாத வண்டி. டயரின் மேல் புது டயருக்கு இருக்குமே, அந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை. மகளுக்குச் சந்தோஷம். அடுத்த ஞாயிறு நண்பர்களோடு சிங்ஹகட் போவதாகத் திட்டம்.

அந்த வண்டி மூன்று வருஷம் மேற்குப் பார்த்த பால்கனியில் நின்றிருந்தது. புனே வெயில் தெரியும் உங்களுக்கு. காற்றை இறக்கிவிட்டு டயரின் பக்கச் சுவரை இரண்டு விரலால் மடித்துக் காட்டினேன். வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. மடிக்க மடிக்க வெடிப்பு வாயைத் திறந்தது, அடியில் நூல்.

"அப்பா, முடி கூட இன்னும் போகல. புதுசுப்பா இது!"

"மேல பாக்காதம்மா, பக்கத்துல பாரு."

"ஓட்டவே இல்லாத டயர் எப்படிப்பா கெடும்?"

நியாயமான கேள்வி. ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்றில்லை. வெயில், சூடு, காற்றில் இருக்கும் ஓசோன் போதும், சும்மா நின்றாலும் இறுகி வெடிக்கும். காற்றில்லாமல் தரையில் அழுந்தி நின்றால் அந்த மடிப்பில் முதலில் வெடிக்கும். மயிரிழை மாதிரி மேலோட்டமாக வெடிப்பு தெரிந்தாலே டயரைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என் டயரிலேயே லேசாக இருக்கிறது, கண் வைத்திருக்கிறேன். வெடிப்பு நூல் வரை போயிருந்தால் அது வேறு. அன்று அவள் டயரில் இருந்தது இரண்டாவது ரகம்.

இரண்டு டயர், அவள் விரும்பிய ரகத்தில், ஆறாயிரத்தைத் தொட்டது. தங்கமணி "சைக்கிளே பதினெட்டாயிரம்தானேங்க" என்றாள். மகள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், திட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனதற்காக. எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணில் நின்றது. பாதி காசு அவள் பயிற்சிச் சம்பளத்திலிருந்து கொடுத்தாள், நான் கேட்கவில்லை. பழைய இரண்டையும் அவள் எதிரிலேயே கத்திரியால் வெட்டினேன். வெட்டாமல் குப்பையில் போட்டால், முடியோடு இருக்கும் அந்த டயரை யாராவது எடுத்துப் போட்டு ஓட்டுவார்கள்.

அடுத்த ஞாயிறு கிளம்பிப் போனார்கள், ஐந்து பேர். சிங்ஹகட் ஏற்றம் கடுமை, ஆனால் ஏற்றத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இறக்கம்தான். ஒன்பதரை மணிக்கு மேலேயிருந்து போன்.

"அப்பா, பிட்லா பாக்ரி சாப்பிட்டோம். இப்ப கெளம்பணும். இங்க ஒருத்தனோட முன் டயர நான் சும்மா சுத்திப் பாத்தேன். ஒரு எடத்துல ரப்பரே இல்ல, வெள்ளையா நூல் தெரியுது, கட்டைவெரல் அளவு. மெதுவா இறங்கிடலாம்னு சொல்றான். இறங்கலாமா?"

"முன் டயரா, பின் டயரா?"

"முன் டயர்."

"அவன் இறங்கக்கூடாது. மேல வர்ற ஷேர் ஜீப்ல ஏத்திவிடு."

அந்தப் பக்கம் மராத்தியிலும் இந்தியிலும் பெரிய விவாதம். பையன் மானப் பிரச்சினை என்கிறான் போல. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் இவள் குரல்தான் மேலே கேட்டது.

பதினொன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தாள். பையன் ஜீப்பில்தான் வந்தானாம், வழி முழுக்க இவளைத் திட்டிக்கொண்டே. ஜீப்காரர் சைக்கிளை மேலே கட்டிவிட்டு, அதற்கும் ஒரு ஆள் டிக்கெட் வாங்கிவிட்டாராம்.